நினைவகத்துப் பெயர்களைப் படிக்கும் முறை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் வழியில், நகரை அடுத்து, வல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் குன்றிற் குடைந்த கோயிலொன்றில் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அதனை முதன்முறை படிப்போர் பெரும்பாலும் மயங்குவர். பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்ருமல்லன், குணபரன், மகேந்திரப் போத்தரையர் எனப் பெயர்கள் ஒன்றன்மேலொன்றாய் வருகின்றன. இவர் ஐவரோ என்று ஐயுறுவோமாயின், அல்லர். பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஒருவனுக்கே உரிய பெயர்கள் இவை. இனி, முதலில் வந்த பெயருக்குரியவனே கோயிலை எடுப்பித்தான் என்று கொள்வோமாயின், அதுவும் பிழையாம். அவனுக்கு அடியவராகிய வயந்தப்பிரி அரசர் என்பாருடைய மகன் கந்தசேனன் என்பானே அதனைச் செய்வித்தவன். அவன் பெயர் ஈற்றிலேதான் வருகின்றது.

முதலில் நிற்கும் பெயரைக் கண்டு முடிவு கட்டுதல் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதனை யாம் வேறோரிடத்திற் கற்றுக்கொண்டோம். அவ்விடம் கல்லன்று, கணினியின் நினைவகம். எம் கலாசாலை மாணாக்கருட் பலர் கல்வி முடிந்தபின் சிறுசேரியிலும் மறைமலைநகர்ப் பக்கத்திலும் நிரல் எழுதும் தொழிலிற் புகுதலின், யாம் கற்றதனையும், கற்குமுன் செய்த பிழையினையும் இச்சஞ்சிகை வாயிலாக அவர்க்கு உரைத்தல் பயனுடைத்தென்று எண்ணி இதனை எழுதலானோம்.

1. டம்ப் என்பது யாது?

ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் தனக்கு வேண்டிய பொருள்களை நினைவகத்தில் ஆக்கி வைக்கின்றது. அந்நினைவகத்தின் ஒரு கணத்து நிலையை அப்படியே கோப்பில் எடுத்து வைப்பதனைப் பொறியாளர் ‘டம்ப்’ என்பர். காந்த வளையங்களால் நினைவகம் அமைந்திருந்த காலத்தில் அவ்வளையத்தின் ஆங்கிலப் பெயராகிய ‘கோர்’ என்பதனோடு சேர்த்துக் ‘கோர் டம்ப்’ என்றனர்; வளையங்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அப்பெயர் போகவில்லை.

நிரல் பழுதுற்று நின்றபோதும், நினைவகம் நிரம்பி மூச்சுத் திணறும்போதும் இப்பதிவே நமக்குக் கிடைக்கும் சான்று. ஜாவா மொழியில் எழுதிய நிரலாயின் ‘ஜேமேப்’ என்னுங் கருவியைக் கொண்டு பொருள்களின் பட்டியலொன்றைப் பெறலாம். அப்பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் வரிசையெண்ணை அடுத்து மூன்று செய்திகள் உண்டு. அவ்வகைப் பொருள்கள் எத்தனை என்பது ஒன்று. அவை பிடித்துள்ள பைட்டுகள் எவ்வளவு என்பது மற்றொன்று. வகையின் பெயர் மூன்றாவது. மிகுதியான பைட்டுகளைப் பிடித்த வகை முதல் வரியில் நிற்கும்.

பெயர்தானே, படித்துக்கொள்வோம் என்று பார்த்தால், முதல் வரியில் நிற்பது ஒரு திறந்த பகர அடைப்பும் ஓரெழுத்துமாகிய [பி என்பதே. அடுத்து [ஐ என வரும். பின்னர், [எல் என்று தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் நீண்ட கோவை வரும். நடுவே டாலர்க் குறிகள் வரும். எழுதினவர் இட்ட பெயர்கள் இவையல்ல என்று தோன்றும். ஆயினும் இவை பொருளற்ற குறிகளும் அல்ல. இயந்திரம் தனக்குள் வகைகளைச் சுருங்கச் சொல்லிக்கொள்ளும் ஒழுங்கான மொழி இது. இதற்கு இலக்கணம் உண்டு, அதுவுஞ் சிறிதே.

2. ஜாவாவின் எழுத்திலக்கணம்

ஜாவாவில் அடிப்படை வகைகள் எட்டு. அவற்றுள் ஆறு தத்தம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தாலே குறிக்கப்படும். பைட் என்பதற்குப் பி, கேரக்டர் என்பதற்குச் சி, டபுள் என்பதற்கு டி, ஃப்ளோட் என்பதற்கு எஃப், இண்ட் என்பதற்கு ஐ, ஷார்ட் என்பதற்கு எஸ். எஞ்சிய இரண்டுமே மாணாக்கரை மயக்குவன. உண்மை, பொய் என்னும் இரண்டையே ஏற்கும் பூலியன் வகைக்கும் பி என்பதே முதலெழுத்து. ஆனால் அதனைப் பைட் முன்னமே பற்றிக்கொண்டமையின் பூலியனுக்கு இசட் கிடைத்தது. நீண்ட முழுவெண்ணாகிய லாங் என்பதற்கு எல் உரியது. அவ்வெழுத்தோ, பின்னால் ஒரு வகுப்பின் முழுப்பெயர் வருகின்றது என்று அறிவிக்கும் வேலைக்குச் சென்றுவிட்டது. ஆகவே லாங் என்பதற்கு ஜே வாய்த்தது. காரணம் அறிந்தபின் இவை மறவா.

பகர அடைப்பு ஒன்று முன்நின்றால் அவ்வகைப் பொருள்களின் வரிசை, அஃதாவது அணி, என்று கொள்க. [ஐ என்பது முழுவெண்களின் அணி. [[ஐ என்பது அத்தகைய அணிகளின் அணி. எத்தனை அடைப்போ அத்தனை அடுக்கு. மூடும் அடைப்பு இல்லாமை கண்டு, பெயர் முறிந்துபோயிற்று என்று அஞ்ச வேண்டுவதில்லை. எல் என்று தொடங்கும் வகுப்புப் பெயர் மட்டும் எங்கே முடிகின்றது என்று காட்ட ஈற்றில் அரைப்புள்ளி பெறும்.

டாலர்க் குறியைத் தமிழில் ஆறாம் வேற்றுமை உருபாகப் படித்தால் தெளிவாம். ‘ஹாஷ்மேப்$நோட்’ என்பது ஹாஷ்மேப்பினது நோட். அஃதாவது, ஹாஷ்மேப் என்னும் வகுப்பினுள்ளே வரையறுக்கப்பட்ட நோட் என்னும் வகுப்பு. டாலருக்குப் பின் 1, 2 என எண் மட்டும் வருமாயின், எழுதினவர் பெயரிடாமல் விட்ட உள்வகுப்பு அது. அவ்வெண் பொதுவாக மூலநிரலில் அவை தோன்றும் முறை பற்றி அமைவது. முன்னே புதிதாய் ஒன்றைச் செருகினால் பின்னுள்ளவற்றின் எண் மாறும். ஆகலின் சென்ற மாதத்துப் பட்டியலின் $2 என்பதும் இம்மாதத்து $2 என்பதும் ஒன்றே என்று துணிந்துவிடலாகாது.

இவ்விதிகளைக் கொண்டு ‘[எல் ஜாவா.யுடில்.ஹாஷ்மேப்$நோட்;’ என்பதனைப் பிரித்துப் பார்ப்போம். அடைப்பு, அணி என்றது. எல், வகுப்புப் பெயர் வருகின்றது என்றது. ஜாவா.யுடில் என்பது அவ்வகுப்பு வாழும் தொகுப்பு. அதில் ஹாஷ்மேப்பினது நோட். அரைப்புள்ளி, முடிவு. எனவே ஹாஷ்மேப்பினது நோட்டுகளின் அணி என்றாயிற்று. இவ்வளவே.

3. யாம் செய்த பிழை

நிற்க. இலக்கணம் அறிந்தமையால் மட்டும் பொருள் விளங்கிவிடாது என்பதற்கு எம் அனுபவமே சான்று.

இக்கடற்கரைப் பக்கத்து மருத்துவ நிலையமொன்றில் நோயாளிகளைப் பதிவு செய்து முறை எண் வழங்கும் நிரலொன்றை யாம் சிலர் கூடி எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருவர் பதிவுப் பகுதியையும், யாம் பெயர் தேடும் பகுதியையும், எம்முள் இளையவரான ஒரு மாணவர் மருந்துச் சீட்டுகளைப் படமெடுத்துச் சேர்க்கும் பகுதியையும் எழுதினோம். தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. பின்னர், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலை நேரத்தில் நிரல் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். நிறுத்தித் தொடங்கினால் மீளும், மறுபடி தளரும்.

காலை நேரம் என்பது சிறு செய்தியன்று. சர்க்கரை நோய்க்கு இரத்தம் சோதிக்க வருவோர் வெறும் வயிற்றோடு வருவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்த முதியோர், முறை எண் கிடையாமல் விசிப்பலகையில் அமர்ந்திருந்ததனை யாம் நேரே கண்டோம். எழுத்தர் ஒருவர் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். ஒரு மூதாட்டி எம்மைப் பார்த்து, “தம்பி, ஒரு வாய் காபியாவது குடிக்கலாமா, இன்னும் நேரமாகுமா?” என்று கேட்டார். விடை சொல்ல எமக்கு நா எழவில்லை.

அன்றே பட்டியலை எடுத்தோம். முதல் வரி [பி. பைட்டுகளின் அணி. யாம் கற்ற ஜாவாப் பாடநூலில், ஸ்ட்ரிங் எனப்படும் எழுத்துச் சரத்தின் எழுத்துகள் [சி என்னும் அணியில் இருக்கும் என்று கண்டிருந்தது. ஆகவே [பி என்பது எழுத்துச் சரமாக இராது, படமாகவே இருத்தல் வேண்டும், படப் பகுதியை எழுதினவர் இளையவர், எனவே பிழை அவருடையது. இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக முடிவு கட்டினோம். ஒவ்வொரு படியும் அப்போது சரியாகவே தோன்றிற்று. அவரிடஞ் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டிரவு கண்விழித்துத் தம் பகுதியை முற்றும் மாற்றி எழுதினார். மூன்றாம் நாட்காலை நிரல் முன்போலவே நின்றது.

எம் ஆசிரியரொருவரிடம் பட்டியலைக் காட்டினோம். அவர் கேட்டது ஒன்றே: “எவ்வளவு என்று பார்த்தீர்கள், எத்தனை என்று பார்த்தீர்களா?”

4. எத்தனை, எவ்வளவு

கணக்கு எளிதில் விளங்குமாறு எண்களைச் சீர்படுத்திச் சொல்லுவோம். [பி வகை மொத்தம் 4,00,00,000 பைட்டுகளைப் பிடித்துள்ளது என்க. அது ஒவ்வொன்றும் 4,00,000 பைட்டுள்ள 100 படங்களாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் 40 பைட்டுள்ள 10,00,000 சிறு அணிகளாகவும் இருக்கலாம். மொத்தம் ஒன்றே, பொருளோ வேறு. மொத்தப் பைட்டுகளை எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றின் சராசரி அளவு வரும். எம் பட்டியலில் அங்ஙனம் வகுத்துப் பார்க்கையிற் படமாக இருப்பதற்கு வழியேயில்லாத சிற்றளவு வந்தது. ஒரு பெயர் எழுதுமளவே அது.

அப்படியாயின் எழுத்துச் சரங்கள் [பி வகையில் எங்ஙனம் வந்தன? 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 9இல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பே மாற்றப்பட்டது. அதற்கு முன் ஒவ்வோர் எழுத்தும் 2 பைட் கொண்ட [சி அணியிலே சரம் வைக்கப்பட்டது. ஆங்கிலம் போன்ற இலத்தீன் எழுத்துகளுக்கு 1 பைட்டே போதுமாகையால் பாதியிடம் வீணாயிற்று. அவ்வீணைத் தவிர்க்கவே, எழுத்துகளை [பி அணியில் வைத்து, இலத்தீன் எழுத்துகளேயாயின் ஒவ்வொன்றிற்கு 1 பைட்டும், பிற எழுத்து ஒன்றேனும் கலந்தால் சரம் முழுவதற்கும் ஒவ்வொன்றிற்கு 2 பைட்டுமாக வகுத்தனர். எம் பாடநூல் 2017க்கு முற்பட்டது. நூலிற் பிழையில்லை, காலம் மாறியதனை அறியாமல் பழைய இலக்கணத்தைப் புதிய ஏட்டிற்குப் பொருத்திய யாமே பிழைத்தோம்.

தமிழர்க்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சிறப்பாக அறியத்தக்கது. ‘மாமல்லபுரம்’ என்னும் பெயரைக் கணினி 11 குறியீடுகளாக வைக்கின்றது. துணைக்காலும் உகரக் குறியும் புள்ளியுந் தனித்தனியே எண்ணப்படும். தமிழாதலின் ஒவ்வொன்றிற்கு 2 பைட்டாக 22 பைட்டு. வழக்கமான 64 பிட் ஜாவா அமைப்பில் அணியின் தலைப்பிற்கு 16 பைட்டு. ஆக 38, எட்டின் மடங்காக உயர்த்தினால் 40. அதே பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் 12 எழுத்திற்கு 12 பைட்டும் தலைப்பு 16உமாக 28, உயர்த்தினால் 32. இவையன்றி, அணியைச் சுட்டும் ஸ்ட்ரிங் பொருளுக்கு 24 பைட்டு. அச்சரம் ஹாஷ்மேப்பில் திறவுகோலாக வைக்கப்பட்டால் அதற்குரிய நோட் ஒன்றிற்கு 32 பைட்டு.

இதனால் ஓர் அடையாளம் கிடைக்கின்றது. சரம் பெருகினால் [பி மட்டும் பெருகாது, ஸ்ட்ரிங்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையிற் பெருகும். அவை ஹாஷ்மேப்பில் அடைபட்டிருந்தால் ஹாஷ்மேப்$நோட் என்பதும் அவ்வெண்ணிக்கைக்கு அருகில் நிற்கும். கணக்கு விளக்கத்தின்படி 10,00,000 சரமாயின் [பி 4,00,00,000 பைட்டும், நோட் 3,20,00,000 பைட்டும், ஸ்ட்ரிங் 2,40,00,000 பைட்டும் ஆகும். பைட்டு வரிசையில் மூன்றும் வெவ்வேறு வரிகளிற் பிரிந்து நின்றாலும், எண்ணிக்கையால் மூன்றும் உடன்பிறந்தவை என்று காட்டிக்கொடுக்கும். எம் பட்டியலிலும் அம்மூன்றன் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒத்திருந்தன. இரண்டு நாட்களாக எம் கண்முன்னே இருந்த செய்தி அது.

5. பிடித்துவைத்திருப்பது யார்?

பட்டியல், பொருள் இன்னது என்று சொல்லும். அதனை விடாது பற்றியிருப்பது யார் என்று சொல்லாது. அதற்கு முழு டம்ப் வேண்டும். அதனை ‘எக்லிப்ஸ் மேட்’ போன்ற கருவியில் திறந்து, ஒரு பொருளிலிருந்து அதனைச் சுட்டும் பொருளுக்கும், அதனைச் சுட்டும் மற்றொன்றிற்குமாக வேர் வரையிற் செல்லுதல் வேண்டும். ஜாவாவில், வேரிலிருந்து எட்டக்கூடிய பொருள் எதுவும் நீக்கப்படாது. ஆகவே பயனற்ற பொருளும், யாரோ ஒருவர் பற்றியிருக்கும் வரையில் வாழ்ந்துகொண்டே இருக்கும்.

யாம் ஒரு [பி அணியைப் பற்றி மேலே சென்றோம். அதனைப் பிடித்தது ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்கைப் பிடித்தது ஹாஷ்மேப்$நோட். நோட்டைப் பிடித்தது முன்னே பிரித்துக் காட்டிய நோட்டுகளின் அணி. அதனைப் பிடித்தது ஹாஷ்மேப். அந்த ஹாஷ்மேப்பைப் பிடித்தது பெயர் தேடும் பகுதி. அஃது எழுதினவர் யாம்.

நிகழ்ந்தது இதுவே. ஒருமுறை தேடிய பெயருக்குரிய விடையை மறுமுறை விரைந்து தரும்பொருட்டு ஹாஷ்மேப்பில் எழுதி வைத்தோம். விடை பழையதாகிவிடலாகாது என்று கருதித் திறவுகோலிற் பெயரோடு தேடிய நேரத்தையும் சேர்த்தோம். நேரம் திரும்பி வாராது. எனவே அத்திறவுகோலும் மறுமுறை பயன்படாது. பயன்படாதவற்றை நீக்கவும் யாம் எழுதவில்லை. விடையாக வைத்தவை முன்னரே இருந்த நோயாளிப் பதிவுகளின் சுட்டிகளாதலின் அவ்வகைகள் பெருகவில்லை; திறவுகோல்களே பெருகின. நேரத்தை நீக்கி, வைக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, பதிவு மாறும்போது பழைய விடை அழியுமாறு செய்தோம். அதன்பின் நிரல் தளரவில்லை.

இளையவரிடம் சென்று, பிழை எம்முடையது என்று எல்லோரும் அறியக் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, “இருக்கட்டும் அண்ணா, என் பகுதியும் முன்னைவிடச் சீராயிற்று” என்றார். அவ்வாறு சொல்லுதல் அவருடைய பெருந்தன்மை. அதனால் எம் பிழை சிறிதாகிவிடாது. வல்லத்துக் கல்வெட்டில் முதற்பெயரைக் கண்டே கோயிலை வேந்தனுக்கு உரிமையாக்கும் வழிப்போக்கன் யாருக்கும் துன்பம் செய்யான். யாமோ ஒருவரை இரண்டிரவு உறங்கவிடாமற் செய்தோம். பசித்தவரை மேலும் இரண்டு நாள் காக்க வைத்தோம்.

6. சி++ மொழியின் வழக்கு

சி++ மொழியின் வழக்கு வேறு. ஈண்டுச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஜிசிசி முதலிய தொகுப்பிகளில் வகைப்பெயரின் முன் அதன் எழுத்துகளின் எண்ணிக்கை எழுதப்படும். படகைக் குறிக்கும் ‘போட்’ என்னும் வகுப்பிற்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்து. ஆகவே அது ‘4போட்’ என வரும். பெயர்களுக்கிடையே இடைவெளி இல்லாமையால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது என்பதனை அவ்வெண்ணே காட்டும். சீர் பிரியாமலும் புள்ளியிடாமலும் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் படித்து இடர்ப்பட்டோர்க்கு இவ்வெண்ணின் அருமை நன்கு விளங்கும்.

அடிப்படை வகைகளுக்குச் சிற்றெழுத்துகள். ஷார்ட்டுக்கு எஸ், இண்ட்டுக்கு ஐ, லாங்குக்கு எல், இன்னும் நீண்டதற்கு எக்ஸ். எதிர்க்குறி ஏலாத எண்களுக்கு, ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்து நிற்கும் எழுத்து: எஸ்ஸுக்கு அடுத்த டி, ஐக்கு அடுத்த ஜே, எல்லுக்கு அடுத்த எம், எக்ஸுக்கு அடுத்த ஒய். இதனை ஒருமுறை கண்டுகொண்டால் பாடம் பண்ண வேண்டுவதில்லை. ஆயினும் காண்க: ஜாவாவில் ஜே என்பது நீண்ட முழுவெண், சி++ மொழியில் எதிர்க்குறியேலா இண்ட். மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே செய்தி கிரந்தத்திலும் நாகரியிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அங்குச் செல்வோன் முதலில் எவ்வெழுத்தென்று தெரிந்துகொண்டே படிக்கத் தொடங்குவான். டம்ப் படிப்போனும் எம்மொழியின் பதிவு என்று முதலில் தெளிதல் வேண்டும்.

சுட்டியாகிய பாயிண்டருக்குப் பி. மாறாதது என்பதற்குக் கே. இந்தப் பியும் ஜாவாவின் பைட்டுக்குரிய பியும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். தமிழிலெழுதுங்கால் ஒன்றாகத் தோன்றும். ‘பிகேசி’ என்பதில் ஈற்றிலுள்ள சி எழுத்து வகையைக் குறிக்கும். இதனைத் தமிழர் வலப்புறத்திலிருந்து படித்தல் எளிது. எழுத்து, மாறாதது, சுட்டி. அஃதாவது மாறாத எழுத்தைச் சுட்டும் சுட்டி. அடையெல்லாம் முன்வந்து பொருள் பின்வருவது நம்மொழியின் இயல்பாகலின், பின்னிருந்து படிக்கையில் தமிழ்த்தொடர் தானே அமைகின்றது.

எழுதினவர் ‘ஸ்ட்ரிங்’ என்று ஒரு சொல்லாற் சுட்டியது பதிவில் நெடும்பெயராய் வருவதும் உண்டு. சி++ மொழியில் ஸ்ட்ரிங் என்பது மாற்றுப்பெயரே. அடிப்படைச் சரம், அதன் எழுத்து வகை, அவ்வெழுத்தின் இயல்பு, அதற்கு இடம் ஒதுக்கும் முறை என்னும் குலமுறை முழுதும் சேர்ந்ததே அதன் உண்மைப் பெயர். 2015இல் வந்த ஜிசிசி 5 முதல் அதனுள் இன்னுமோர் அடையும் புகுந்தது. பழையதும் புதியதும் ஒரே நிரலிற் கலந்தால் வேறென்று காட்டவே அவ்வடை. நெடும்பெயரைக் கண்டு மலைக்காமல் ‘சி++ஃபில்ட்’ என்னுங் கருவியிலிட்டால் அது விரித்துத் தரும்.

7. ஒரு பெயரும் இருவரும்

வல்லத்தில் ஒருவனுக்குப் பல பெயர் கண்டோம். மாமல்லபுரத்தில் இதற்கு மறுதலையான சிக்கல் உண்டு. தருமராச ரதத்திலும் கணேச ரதத்திலும் அத்யந்தகாமன் என்னும் விருதுப்பெயர் காணப்படுகின்றது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்மனுடைய விருதுகளுள்ளும் அது வருகின்றது. இதனையும் பிறவற்றையுங் கொண்டு, மாமல்லபுரத்துப் பணிகள் யாவும் இராசசிம்மனுடையனவே என்று 1962இல் இரா. நாகசாமி எழுதினார். அவ்விருதை வேந்தர் ஒருவர்க்கு மேற்பட்டோர் பூண்டனர் என்போரும் உளர். பெயர் ஒன்றாயின் ஆளும் ஒருவனே என்று கொள்ளலாமா என்பதே வழக்கு.

நினைவகத்திலும் இது நேரும். ஜாவாவில் ஒரு வகுப்பின் அடையாளம் பெயர் மட்டுமன்று. அதனை ஏற்றிய ‘கிளாஸ்லோடர்’ என்னும் ஏற்றியையும் சேர்த்ததே. ஒரே பெயருள்ள வகுப்பை இரண்டு ஏற்றிகள் ஏற்றினால் அவை இரண்டு வகைகள். பட்டியலில் ஒரே பெயர் இருவரிகளில் வருதல் அதனாலே. நிரலை நிறுத்தாமற் புதுப்பிக்கும் இடங்களில், பழைய ஏற்றி விடுபடாமல் தங்கிப்போயிற்று என்பதற்கு இது நல்ல அறிகுறி.

இன்னுமொன்று. கைப்பேசிச் செயலிகளில் ‘ப்ரோகார்ட்’, ‘ஆர்8’ முதலிய கருவிகள் பெயர்களை ஏ, பி எனக் குறுக்கிவிடும். இவற்றைப் படிக்க இலக்கணம் இல்லை. குறுக்கும்போது உண்டான பெயர்ப்பொருத்தக் கோப்பு ஒன்றே வழி. அதுவும் அந்த வெளியீட்டிற்கே உரியதாக இருத்தல் வேண்டும். அதனை இழந்தவர் ஊகிக்கலாம், அறிதல் அரிது. பஞ்ச பாண்டவர் ரதங்கள் என்று நாம் வழங்கும் பெயர்கள், அவற்றைச் செய்வித்தோர் இட்டனவல்ல; உண்மைப் பெயர் மறைந்த இடத்தில் பின்னையோர் இட்டன. அழைப்பதற்கு உதவும், வரலாற்றுக்குச் சான்றாகா.

8. முடிபு

மாணாக்கர் மனத்திற் கொள்ள வேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, எம்மொழியின், எப்பதிப்பின் பதிவு என்று அறிக. இரண்டாவது, எழுத்தைப் பிரித்துப் பெயரை முழுதும் படிக்க. மூன்றாவது, எவ்வளவு என்பதோடு எத்தனை என்பதையும் பார்த்து, வகுத்து, ஒன்றின் அளவைக் காண்க. நான்காவது, எண்ணிக்கை ஒத்த வரிகளைச் சேர்த்து நோக்குக. ஐந்தாவது, ஒரு பட்டியலைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல், சில மணி நேரம் இடையிட்டு மற்றொன்று எடுத்து, வளர்வது எது என்று காண்க, பெரிதாயிருப்பதெல்லாம் பெருகுவதன்று. அங்ஙனம் எடுக்கையில் வாழும் பொருள்களை மட்டும் எண்ணுமாறு ஜேமேப்பிற்குக் கட்டளையிடாவிடின், நீக்கப்படக் காத்திருக்கும் குப்பையும் கணக்கில் ஏறிவிடும். ஆறாவது, பற்றியிருப்பது யார் என்று வேர் வரையிற் சென்று காண்க.

இவ்வாறும் முடிந்த பின்னரே ஏழாவதாக ஒருவர் பெயரைச் சொல்லலாம். சொல்லுமுன் அப்பெயர் தம்முடையதாக இருத்தல் கூடுமோ என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நலம். யாம் அதனைச் செய்யாமையினாலேதான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.